எந்தக் கப்பல்?

('ஒரு குடும்பத்தின் வரலாற்றைக் காப்பது பெரியவர்கள் சொல்லும் கதையா? பெட்டியில் இருக்கும் காகிதமா?' என்ற தலைப்பில், 'காகிதமே' அணியில் பேசியது. இடம்: திருவொற்றியூர்)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் ரொம்ப உருக்கமாகப் பேசினார். "காகிதம் கிழிஞ்சுடும், கரையான் அரிச்சுடும், பாட்டி சொன்ன கதை நெஞ்சில் நிற்கும்" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். எதிரணிக்குத் தட்டக்கூடாதுன்னு சட்டமா என்ன? (சிரிப்பு)

ஆனால் ஒன்று கேட்கிறேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்தத் தெருவுக்காவது போய், "உங்க வீட்ல கப்பல்ல வேலை பார்த்தவங்க உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். "எங்க தாத்தா கப்பல்ல இருந்தாரு!"

"எந்தக் கப்பல்?"

"பெரிய கப்பல்!" (சிரிப்பு)

"கடற்படைக் கப்பலா, சரக்குக் கப்பலா?"

"அதெல்லாம் தெரியாதுங்க. வெள்ளை டிரஸ் போட்டிருப்பாரு."

கதை அதோடு முடிந்து போகிறது, ஐயா! மூன்றாவது தலைமுறைக்கு வரும்போது அந்தத் தாத்தாவிடம் மிஞ்சியது ஒரு வெள்ளைச் சட்டைதான்.

வாய்க்கதை எப்படி வளரும் என்பதற்கு இந்தத் துறைமுகமே சாட்சி. 1914 செப்டம்பர் 22, இரவு நேரம். எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக்கு வந்து சுமார் 130 குண்டுகளைப் போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அன்றைக்குப் பயந்த பயத்தில் நம் ஜனங்கள் அந்தக் கப்பல் பெயரையே தமிழாக்கி விட்டார்கள். கெட்டிக்காரப் பயலைப் பார்த்தால் இன்றைக்கும் "சரியான எம்டன்டா அவன்!" என்கிறோம். இது கதையின் சக்தி. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே கதை இன்னொன்றும் சொல்கிறது. அந்தக் கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்கிறது. மேடைக்கு மேடை சொல்கிறோம். ஆராய்ச்சி செய்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? அப்போது அவர் ஐரோப்பாவில் இருந்தார், எம்டனில் இருந்ததற்கு ஆவணம் இல்லை என்கிறார்கள். அதனால் அவருடைய தியாகம் ஒரு குன்றிமணி அளவு குறையுமா? குறையாது! ஐரோப்பாவில் இருந்துகொண்டு அவர் செய்த வேலையே மலை போல இருக்கிறது. அது தெரியாமல் போனதற்குக் காரணம், நாம் அவரைக் கப்பலில் ஏற்றி விட்டதுதான். (கைதட்டல்)

பெருமையைக் கூட்டும் கதையாவது பரவாயில்லை. பழியைச் சுமத்தும் கதையும் உண்டு, தாய்மார்களே.

1946 பிப்ரவரி 18. பம்பாயில் 'தல்வார்' என்ற கடற்படைப் பயிற்சி நிலையம். சோறு சரியில்லை, வெள்ளை அதிகாரியின் ஏச்சு தாங்கவில்லை என்று சிப்பாய்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். வயதைப் பார்த்தால் பாதிப்பேர் இருபது இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். அடுத்தடுத்த நாட்களில் எழுபதுக்கு மேற்பட்ட கப்பல்கள், சுமார் இருபதாயிரம் மாலுமிகள்! கராச்சி வரை பரவியது. சென்னையிலும் தொழிலாளர்கள் ஆதரித்து வேலை நிறுத்தம் செய்தார்கள். வெள்ளைக்காரன் மூட்டை கட்ட அதுவும் ஒரு காரணம் என்று சொல்கிறோமே, அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? நூற்றுக்கணக்கானவர்களை வேலையை விட்டு நீக்கினார்கள். நாடு விடுதலை பெற்ற பிறகும் கடற்படை அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி ஊருக்கு வந்தவனைத் தெரு என்ன கேட்கும்? "ஏண்டா துரத்திட்டாங்க?"

ராயபுரத்திலிருந்து வந்து என்னிடம் படித்த மாணவன் ஒருவன். இருபது வருடத்துக்கும் மேலே ஆகிறது. "ஐயா, எங்க தாத்தா நேவியில இருந்தாரு. ஏதோ திருடிட்டாருன்னு அனுப்பிட்டாங்களாம். வீட்ல அந்தப் பேச்சே எடுக்க மாட்டாங்க" என்றான். "வீட்டில் பழைய பெட்டி ஏதாவது இருக்கா?" என்றேன். இருந்தது. டிரங்குப் பெட்டியின் அடியில், பட்டுப்புடவைக்குக் கீழே, நாலாக மடித்த ஒரு இங்கிலீஷ் காகிதம். படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் அந்த வீட்டில் அதுவரை அதைப் பிரிக்கவில்லை. பிரித்தோம். பணியிடம், தல்வார். ஆண்டு, 1946. கலகத்தில் சேர்ந்ததால் வெளியேற்றம் என்ற பொருளில் ஒரே ஒரு வரி.

பையன் வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் படித்துச் சொல்லியிருக்கிறான். அந்த அம்மா கேட்டாராம்: "அப்ப... அவரு திருடலையாடா?"

ஐம்பது வருடத்துக்கு மேல், ஐயா! ஒரு பெண் கட்டியவனைத் திருடன் என்று நினைத்துக்கொண்டு பொட்டு வைத்து, பிள்ளை பெற்று, அவனைப் புதைத்தும் விட்டார். கதை அவரைச் சிறையில் வைத்தது. காகிதம்தான் கதவைத் திறந்தது! (பலத்த கைதட்டல்)

சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதியத்துக்கு உரிய போராட்டங்களின் பட்டியலில் இந்தக் கடற்படை எழுச்சியும் இருக்கிறது. ஆனால் அந்த விண்ணப்பத்தோடு பாட்டியின் கதையை இணைக்க முடியாது. காகிதம்தான் கேட்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1946-ல் ஊர் திரும்பியவர்கள் எல்லாரும் கலகக்காரர்கள் இல்லை. உலகப் போர் முடிந்து ஆட்களைக் குறைத்த காலம் அது. ஆகவே ஆண்டை மட்டும் பார்த்துவிட்டு மாலை போட்டுவிடாதீர்கள். காரணம் எழுதிய வரியைப் படியுங்கள்.

"சரிய்யா, எங்கே தேடுறது?" என்பீர்கள். முதலில் பெட்டியைத் தேடுங்கள். சர்வீஸ் நம்பர் கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. மெடல் இருந்தால் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். பல மெடல்களில் நம்பரும் பெயரும் பொறித்திருப்பார்கள். தொப்பி நாடா இருந்தால் கப்பல் பெயர் இருக்கலாம். பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். நம்ம ஆறுமுகத்தை வெள்ளைக்காரக் கிளார்க் 'அர்மோகம்' என்று எழுதியிருப்பான். (சிரிப்பு) அப்பா பெயரும் ஊரும் வேண்டும். ஊர் என்றால் இன்றைய ஊர் இல்லை. இந்தத் திருவொற்றியூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்ததே 2011-ல்தான். அந்தக் காலத்தில் செங்கல்பட்டு மாவட்டம்.

கடற்படை மாலுமி என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேளுங்கள். மாலுமிகளின் பதிவேடுகளைப் பார்க்கும் அலுவலகம் மும்பை மான்குர்டில் இருக்கிறது. சரக்குக் கப்பல் என்றால் அது வேறு இலாகா, தாத்தாவின் சி.டி.சி. புத்தகத்தைத் தேடுங்கள். எந்தக் கப்பலில் ஏறினார், எந்தத் தேதியில் இறங்கினார் என்று அதில் வரிசையாக இருக்கும்.

ஏறினார், இறங்கவே இல்லை என்றால்?

தமிழ் வாத்தியார் என்பதால் இதைச் சொல்கிறேன். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் நடுகற்கள் கிடைத்தன. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தியவை. மாடு பிடிச் சண்டையில் செத்த ஒருவன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ராஜா இல்லை, மந்திரி இல்லை, சாதாரண ஆள்! "பாட்டு இருக்கே, கதை இருக்கே, கல் எதுக்கு?" என்று நம் முன்னோர் கேட்கவில்லை. எழுதி வைத்தார்கள்.

நிலத்தில் விழுந்தவனுக்குக் கல் நடலாம். கடலில் விழுந்தவனுக்கு எங்கே நடுவது? இரண்டாம் உலகப் போரில் கடலோடு போன அன்றைய இந்தியக் கடற்படையினர், வணிகக் கப்பல் ஊழியர்கள் என்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை ஒரு புத்தகத்தில் எழுதி மும்பையில் வைத்திருக்கிறார்கள். இன்னொரு பிரதி சிட்டகாங்கில். பெரும்பாலோர் வணிகக் கப்பல் ஊழியர்கள். நிலக்கரி அள்ளியவன், சமையல்காரன் எல்லாரும் அதில் உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பட்டியலில் காசு இல்லாமல் தேடலாம். காகிதம்தான் ஐயா அவர்களுக்கு நடுகல்! (கைதட்டல்)

கடைசியாகத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வருஷா வருஷம் போகி வருகிறது. பாயைக் கொளுத்துங்கள், கிழிந்த தலையணையைக் கொளுத்துங்கள், முடிந்தால் என் பழைய பட்டிமன்றப் புத்தகங்களையும் கொளுத்துங்கள். (சிரிப்பு) ஆனால் நாலாக மடித்த இங்கிலீஷ் காகிதம் ஒன்று கையில் கிடைத்தால், பக்கத்து வீட்டில் படித்த பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு தடவை படிக்கச் சொல்லிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். பாட்டியின் கதையையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதின பிறகு அதுவும் எங்கள் கட்சிதான்!

நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பு வழங்குவார் என்று நம்பி விடைபெறுகிறேன்.