வீட்டுக்கு ஒன்று, வழிக்கு ஒன்று



இந்த ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து உங்களோடு பேசும்போது என் காதில் ஒரு ஹெட்ஃபோன் இருக்கிறது. பின்பக்கம் முழுக்க அடைத்த, மூடிய வகை. அதை மூடியிருப்பது எதிரில் இருக்கும் மைக்கை உத்தேசித்து. காதுக்குள் ஒலிப்பது கொஞ்சம் கசிந்தாலும் மைக் அதைப் பிடித்துக்கொள்ளும். என் குரல் உங்களுக்கு இரட்டைக் குரலாக வந்து சேரும். வானொலி நிலையங்களிலும் பாட்டுப் பதிவு செய்யும் கூடங்களிலும் மூடிய ஹெட்ஃபோனே புழங்குவதற்கு இதுதான் காரணம்.

மூடாத வகையும் உண்டு. 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பின்பக்கம் திறந்திருக்கும், காதில் படும் இடத்தில் மஞ்சள் பஞ்சு. ஒலிக்கு வெளியே போக வழி இருப்பதால் பாட்டு மண்டைக்குள் அடைபடாமல், எதிரில் யாரோ பாடுவது போல விரிந்து கேட்கும். தனி அறையும் அமைதியான தெருவும் வாய்த்தவர்கள் திறந்த வகையை வாங்குவதே நல்லது. நம் வீடுகளில் அப்படியா இருக்கிறது? கூடத்தில் அம்மா தொடர் பார்க்கிறார், பக்கத்தில் பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிறது, அடுக்களையில் குக்கர். ஆகவே மூடிய வகையைத் தேடிப் போகிறோம். கடையில் விலை கேட்கிறோம், நிறம் கேட்கிறோம். மூடுவது எதற்காக என்பதை மட்டும் நம்மையே கேட்டுக்கொள்வதில்லை. உள்ளே ஒலிப்பது வெளியே போகாமல் இருக்கவா? வெளியே ஒலிப்பது உள்ளே வராமல் இருக்கவா?

வீட்டில் முதல் காரியம் பெரிது. பயணத்தில் இரண்டாவது. ஒன்றுக்கு ஏற்ற ஹெட்ஃபோன் மற்றதற்குச் சரிப்படுவது அபூர்வம்.

வீட்டை எடுத்துக்கொள்வோம். ஹெட்ஃபோனுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு முன்னும் பின்னும் அதிர்கிறது. முன்னால் வரும் ஒலி காதுக்கு. பின்னால் போகும் ஒலி மூடிய கிண்ணத்துக்குள் சுவரில் மோதித் திரும்புகிறது. அதை உறிஞ்சிக்கொள்ள உள்ளே பஞ்சும் கம்பளித் துணியும் வைப்பார்கள். அந்த வேலையைச் சரியாகச் செய்யாத ஹெட்ஃபோனில் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். இதைக் கண்டுபிடிக்கத் தம்புராவைவிட நல்ல கருவி இல்லை. பஞ்சமம், சாரணை, அனுசாரணை, மந்தரம் என்று நான்கு தந்தியும் தனித்தனியே எழுந்து ஒன்றாகக் கலக்க வேண்டும். தந்திகளுக்கு அடியில் செருகும் ஜீவா நூல் கொடுக்கும் அந்த ரீங்காரம் மினுங்க வேண்டும். நான்கும் ஒரே முனகலாக மொத்தையாகக் கேட்டால் அந்த ஹெட்ஃபோனைக் கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்து மிருதங்கம். அதன் தாழ்ந்த ஒலிப் பக்கமான தொப்பியில் விழும் கும்கி நாதம் முழுதாக வந்து அடங்குகிறதா என்று கவனியுங்கள். வரவில்லையென்றால் உடனே ஹெட்ஃபோனைக் குறை சொல்ல வேண்டாம். மூடிய வகையில் தாழ்ந்த ஒலியெல்லாம், மெத்தை காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் படிவதைப் பொறுத்தது. மூக்குக் கண்ணாடியின் கம்பி மெத்தைக்கு அடியில் மெல்லிய இடுக்கை உண்டாக்கும். கனமான ஜிமிக்கியும் அப்படியே. அந்த இடுக்கு வழியாகத் தொப்பியின் கனம் பாதி ஓடிவிடும். ஆகவே எப்போதும் போட்டிருக்கும் கண்ணாடியோடும் தோட்டோடும் போய்த்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். பத்து நிமிஷமாவது தலையில் வைத்திருக்க வேண்டும். காதின் மேலேயே உட்கார்ந்து அழுத்தும் சின்ன மெத்தை தோடு போட்டவர்களுக்கு அரை மணியில் வலி கொடுக்கும். காதை முழுவதும் சுற்றி அணைக்கும் பெரிய கிண்ணமே அவர்களுக்கு ஏற்றது.

மெத்தையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. செயற்கைத் தோல் மெத்தை, நாம் ரெக்சின் என்போமே அது, ஒலியை நன்றாக அடைக்கும். ஆனால் நம் ஊர் வெயிலிலும் வேர்வையிலும் தலை எண்ணெயிலும் நாளாவட்டத்தில் செதில் செதிலாக உரிந்துபோகும். வெல்வெட் போன்ற துணி மெத்தை கொஞ்சம் ஒலியைக் கசியவிட்டாலும் காது புழுங்காது. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஒரு முழுக் கச்சேரி கேட்கிறவருக்கு நான் துணி மெத்தையையே சொல்வேன். எதுவானாலும் மெத்தை தனியாகக் கழற்றி மாற்றக் கூடியதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஜெர்மனியின் பேயர்டைனமிக் நிறுவனத்தின் டி.டி. 770 இந்த வழியில் வந்தது. 1980களில் தொடங்கி இன்றுவரை செய்துவருகிறார்கள்; மூடிய கிண்ணம், பெரும்பாலும் அதன் பெயர்பெற்ற சாம்பல் நிறத் துணி மெத்தை, ஏறத்தாழ 270 கிராம் எடை. மணிக்கணக்காகத் தலையில் இருந்தாலும் உறுத்தாது. நாகஸ்வரமும் வயலினும் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது சற்றுக் கூராகக் காதில் படும். அது எனக்குக் குறையாகவே தெரிகிறது. இதையே மின்தடை அளவில் 32 ஓம், 80 ஓம், 250 ஓம் என்று மூன்று விதமாக விற்கிறார்கள். ஓம் கூடினால் தரம் கூடும் என்று நினைத்து 250ஐ வாங்கிக் கைபேசியில் செருகிவிட்டு ஒலியே வரவில்லை என்று வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குத் தனியாக ஆம்ப்ளிஃபயர் வேண்டும். கைபேசியில் கேட்பவருக்கு 32 போதும்.

சோனியின் எம்.டி.ஆர். 7506 இன்னொன்று. 1991இல் வந்தது. சுருள் வயர், மடக்கும் கிண்ணம், கிண்ணத்தில் ஒரு நீலப் பட்டை. பதிவுக் கூடங்களில் பிழை கண்டுபிடிக்கவே செய்ததால் பாடகர் மூச்சு வாங்குவதைக்கூட எடுத்துக் காட்டும். வேலைக்கு அருமையான கருவி. ஓய்வாகச் சாய்ந்து பாட்டுக் கேட்க எனக்கு அது ஒத்துவரவில்லை.

இவை இரண்டுமே வயர் உள்ளவை. வீட்டில் வயர் ஒரு தொந்தரவே இல்லை. சார்ஜ் போட வேண்டாம். கீபோர்டில் சாதகம் செய்கிற பிள்ளைகளுக்கு வயர் கட்டாயம் வேண்டும். புளூடூத்தில் விரல் அழுத்தியதற்கும் ஒலி வருவதற்கும் நடுவில் ஒரு தாமதம் உண்டு, அது தாளத்தைக் கெடுக்கும்.

இனிப் பயணம். ஒருமுறை மதுரையிலிருந்து சென்னைக்கு இரவுப் பேருந்தில் வந்தேன். வீட்டில் எனக்கு மிகப் பிடித்த ஹெட்ஃபோனையே எடுத்துப் போயிருந்தேன். திண்டுக்கல் தாண்டுவதற்குள் வால்யூமை மூன்று முறை ஏற்றிவிட்டேன். திருச்சியில் அது கடைசிப் புள்ளியில் நின்றது. காலையில் இறங்கியபோது இரண்டு காதிலும் சில்வண்டு ஓசை. மாலைவரை அது போகவில்லை. அன்று எனக்கு உண்டான பயம்தான் இன்று இந்த உரைக்கு என்னைக் கொண்டுவந்தது.

நடந்தது இதுதான். மெத்தையும் கிண்ணமும் குக்கர் விசில், தட்டு விழும் சத்தம் போன்ற உயர்ந்த ஒலிகளை நன்றாகத் தடுக்கும். பேருந்து எஞ்சினின் உறுமல், விமானத்தின் இரைச்சல் போன்ற தாழ்ந்த ஒலிகள் அவற்றை ஊடுருவி வந்துவிடும். அந்த உறுமலுக்கு மேலே பாட்டைக் கேட்க நாம் வால்யூமை ஏற்றுகிறோம். வாரத்துக்கு 80 டெசிபல் என்றால் 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வரம்பு சொல்கிறது. ஓர் இரவுப் பயணத்தில் ஒரு வாரத்துப் பங்கைக் காது செலவழித்துவிடக் கூடும்.

தாழ்ந்த இரைச்சலை அடக்க வேறு வழி வேண்டியிருந்தது. வங்காளத்திலிருந்து போன தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ், அங்கே எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர். 1978இல் சூரிச்சிலிருந்து திரும்பும் விமானத்தில் கொடுத்த ஹெட்ஃபோனில் இரைச்சலுக்கு நடுவே பாட்டே கேட்கவில்லை. அந்தப் பயணத்திலேயே கணக்குப் போடத் தொடங்கினார். இரைச்சலை மைக்கால் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கிக் காதுக்குள் விட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்பது கருத்து. 1986இல் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தின் இரு விமானிகளும் அந்த முயற்சியில் உருவான ஹெட்செட்டைப் போட்டிருந்தார்கள். விமானிகளுக்கென்று அது விற்பனைக்கு வந்தது 1989இல். பதினொரு வருஷ உழைப்பு. இன்று நாய்ஸ் கேன்சலிங் என்ற பெயரில் எல்லாக் கடையிலும் கிடைப்பது அந்தக் கருத்துதான்.

இது சீரான, தாழ்ந்த இரைச்சலில் மிக நன்றாக வேலை செய்யும். குழந்தை அழுகை, ஹாரன், பக்கத்து இருக்கைப் பேச்சு ஆகியவற்றில் அவ்வளவு இல்லை. அவற்றைத் தடுக்கக் கிண்ணமும் மெத்தையும்தான் உதவ வேண்டும். ஆகவே வாங்கும்போது முதலில் நாய்ஸ் கேன்சலிங் சுவிட்சைப் போடாமல் கேளுங்கள். அப்போதே வெளிச் சத்தம் ஓரளவு குறைய வேண்டும். சிலவற்றில் பேட்டரி தீர்ந்ததும் பாட்டின் குணமே மாறிவிடும். சிலவற்றில் பாட்டே நின்றுவிடும். வயர் செருகியும் கேட்கலாமா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்த ரயில் பெட்டியில் காற்று நேராக மைக்கில் மோதிப் படபடவென்று சத்தம் வரும். ஜன்னல் ஓரப் பயணிக்கு இந்த வசதி பாதிதான் பயன்படும்.

பயணத்துக்கான ஹெட்ஃபோனில் தம்புராவின் மினுக்கத்தை நான் எதிர்பார்ப்பதில்லை. எவ்வளவு குறைந்த வால்யூமில் பாடலின் சொல் புரிகிறது என்று மட்டும் பார்க்கிறேன். பாதிக்குக் கீழேயே புரிந்தால் அது நல்ல ஹெட்ஃபோன். எத்தனை இனிமையாக ஒலித்தாலும் முக்கால் அளவுக்கு ஏற்ற வேண்டியிருந்தால் அதைப் பயணத்துக்கு எடுக்க மாட்டேன்.

இரண்டு வாங்க வசதி இல்லை, ஒன்றுதான் முடியும் என்றால்? பயணம் அதிகம் உள்ளவர் நாய்ஸ் கேன்சலிங் உள்ள, வயரும் செருகக் கூடிய ஒன்றை வாங்கி அதையே வீட்டிலும் வைத்துக்கொள்ளட்டும். இசையின் நயம் கொஞ்சம் குறையும், காது பிழைக்கும். வருஷத்துக்கு இரண்டு முறை மட்டும் ஊருக்குப் போகிறவருக்கு அந்தச் செலவு வேண்டாம். நல்ல வயர் ஹெட்ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு, பேருந்தில் காதுத் துளைக்குள் இறுக்கமாகப் பொருந்தும் ரப்பர் முனை உள்ள சிறு இயர்போனைப் போட்டுக்கொண்டால் போதும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வெளிச் சத்தத்தை அடைக்கும் இந்தக் கருவி லாரியின் ஹாரனையும் ரயிலின் ஊதலையும் சேர்த்தே அடைக்கும். வண்டியிலிருந்து இறங்கும்போதே ஹெட்ஃபோனைக் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். தெருவிலும் தண்டவாளத்தின் அருகிலும் உங்கள் காது திறந்திருக்கட்டும்.