காற்றைக் கேட்டு நாள் குறித்தல்



முன்னேஸ்வரத்துக் கோயில் வாசலில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரிவதில்லை. இடையிலே தென்னந்தோப்புக்களும் சிலாபம் நகரமும் மறைத்து நிற்கின்றன. ஆயினும் ஆவணி மாதத்து மகோற்சவ காலத்தில், சோளகக் காற்று தென்னை ஓலைகளை அலைக்கழிப்பதைக் காணும் எவரும் அப்பாலுள்ள கடல் எந்நிலையில் இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். இப்பகுதி அரசினர் பாடசாலைகளில் பல்லாண்டுகள் ஆசிரியனாகவும் பின்னர் அதிபராகவும் இருந்துவரும் யான், அவ்வாறு ஊகிக்கத் தவறிய கதையையே இன்று சொல்ல வந்துள்ளேன்.

வரலாற்றுப் பாடமொன்றிலே அது தொடங்கிற்று. மொரோக்கோ நாட்டு யாத்திரிகரான இப்னு பதூதா மாலைதீவிலே நீதிபதியாக இருந்தவர். ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு பவளத்தீவுகள் வடக்குத் தெற்காக மாலைபோலக் கிடக்கும் அந்நாட்டிலிருந்து, 1344ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவர் கப்பலேறினார். செல்ல எண்ணியது தமிழகத்துக் கரைக்கு. வந்து சேர்ந்ததோ நமது புத்தளத்துக்கு. கப்பலில் வழியறிந்த மாலுமி இல்லை. மூன்று நாளில் முடியவேண்டிய பயணம் ஒன்பது நாள் நீண்டது. புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்து, சிவனொளிபாதமலைக்குச் செல்ல உதவினான். அங்கே செல்லும் வழியில் அவர் குறிப்பிடும் ‘பந்தர் சலாவாத்’ நமது சிலாபமே என்பர் ஆராய்ச்சியாளர். அவ்வாறாயின், நாம் நாள்தோறும் நடக்கும் இம்மண்ணுக்கு அருகாகவே அவரும் நடந்திருத்தல் வேண்டும்.

இதைக் கேட்ட உயர்வகுப்பு மாணாக்கர்க்கு உற்சாகம் பொங்கிற்று. “ஐயா, மாலைதீவு தூரம். நமக்குத்தான் கற்பிட்டித் தீவுகள் இருக்கின்றனவே! பாய்த்தோணியில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் என்ன?” என்றனர். கற்பிட்டிக் குடாநாட்டின் வடமுனையிலே புத்தளக் களப்பு கடலோடு கலக்கும் இடத்தைச் சுற்றிப் பல தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. இப்பன்தீவு, பத்தலங்குண்டு, உச்சமுனை, அவற்றுக்குக் கிழக்கே காரைதீவு என்று பெயர்களை அடுக்கினார்கள். சிலர் மன்னார் தாண்டி இராமர் அணைவரை போகலாம் என்றனர். 1974இலும் 1976இலும் இரு நாடுகளும் செய்த உடன்படிக்கைகளால் அக்கடலில் எல்லைக்கோடு உண்டு என்பதைச் சொல்லி அவர்களை அடக்கவேண்டியதாயிற்று.

யானும் இசைந்தேன். ஓகஸ்ட் விடுமுறையிலே நாள் குறித்தேன். பாடசாலை இல்லை, ஆசிரியர்க்கும் ஓய்வு. இதனினும் வசதியான காலம் வேறேது என்று எண்ணினேன். பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்தனர். முதலாவதாகப் பெயர் எழுதியவன் எப்போதும் பின்வாங்கில் அமர்ந்து பேசாதிருக்கும் ஒரு மாணவன்.

தோணி பேசுவதற்காகக் கற்பிட்டிக்குச் சென்றபோது அவனும் உடன் வந்தான். நாங்கள் கண்ட பெரியவர் எழுபது வயதைத் தாண்டியவர். சிலாபத்துக் கரையிற் பிறந்தவர். ஐப்பசியிலே பத்தலங்குண்டுக்கு வாடி போட்டுச் சித்திரையிலே திரும்பும் சம்மாட்டி ஒருவரிடம் இளமை முதல் தொழில் செய்தவர். இயந்திரப் படகுகள் மலிந்துவிட்ட இக்காலத்தில், பாய் விரித்து ஓடத் தெரிந்த வெகுசிலருள் அவரும் ஒருவர். யான் நாளைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

“ஐயா, அது உங்கட விடுமுறை. சோளகத்துக்கு விடுமுறை இல்லை.”

வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்குக் காற்று இக்கரையை நேரே தாக்குகிறது என்பதைப் புவியியற் பாடத்தில் ஆண்டுதோறும் கற்பித்தவன் யான்! இக்கரையிலுள்ள மீனவர் பலர் அம்மாதங்களில் வலைகளையும் படகுகளையும் கீழ்க்கரைக்குக் கொண்டு செல்வதும் அதனாலேயே. அதே காற்றை நாடி வெளிநாட்டு இளைஞர் கற்பிட்டிக்கு வந்து, பட்டங்களைப் பிடித்துக்கொண்டு பலகைமீது நீரிற் சறுக்கி விளையாடுகின்றனர். அவர்கள் களப்பின் ஓரத்திலே விளையாடுபவர்கள். நாமோ பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தீவுக்கு அப்பால் போக எண்ணினோம்.

பிறகு மாணவன் சற்று விலகி நின்ற வேளை பார்த்து, பெரியவர் தாழ்ந்த குரலிற் சொன்னார்: “அந்தப் பொடியன்ர தகப்பன் போனதும் ஒரு ஆவணியில்தான் ஐயா. உங்களுக்குத் தெரியாதோ?”

எனக்குத் தெரியாது. மூன்றாண்டுகள் என் பாடசாலையில் இருந்தவன். பதிவேட்டில் தந்தையின் பெயருக்கு எதிரே ‘காலமானார்’ என்று எழுதப்பட்டிருந்ததைக் கண்டிருக்கிறேன். எவ்வாறு என்று கேட்டதில்லை.

அன்று மாலை வரை அப்பெரியவரோடு மணலில் அமர்ந்து பயணத்தை முதலிலிருந்து வகுத்தோம். மார்கழியும் ஆகாது என்றார் அவர். வாடைக்காலத்தில் இக்கரை ஓரளவு ஒதுக்கமானதே எனினும், வங்கக் கடலிலே புயல் பிறக்கும் பருவம் அது. 1964ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் நமது வடபகுதியையும் தாக்கிய பின்னரே அங்கே சென்றது. இரு பருவக்காற்றுக்களுக்கும் இடைப்பட்ட மாசி, பங்குனி மாதங்களே ஏற்றவை. முற்காலத்தில் மன்னார்க் கடலிலே முத்துக்குளிப்பு நடந்ததும் பெரும்பாலும் அந்த அமைதியான மாதங்களில்தான் அன்றோ!

பங்குனியிலும் நாள் முழுதும் ஒரே காற்று வீசுவதில்லை. விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கித் தரைக்காற்று வீசும். வெயில் ஏறியபின் கடலிலிருந்து கரைக்கு வீசும். ஆகவே விடியுமுன் பாய் விரித்து, பிற்பகற் காற்றோடு திரும்பவேண்டும். வெளிக்கடல் வேண்டாம், களப்பு வழியாகவே தீவுகளை அணுகுவது. 1992இல் சரணாலயமாக்கப்பட்ட பவளப்பாறைத் திட்டுக்குள் வழிகாட்டியின்றி நுழையக்கூடாது. கடற்படையினரிடம் முன்னரே அறிவித்தல் வேண்டும். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி வேண்டும்.

நீர்க்கணக்கை மாணவனே போட்டான். ஒருவர்க்கு நாளொன்றுக்கு 4 லீற்றர், 12 பேர், 3 நாள், 144 லீற்றர். பெரியவர் அதைக் கேட்டுவிட்டு, “காற்று விடாமற் போனால்?” என்றார். அவன் இன்னும் ஒருநாளுக்கு 48 லீற்றரைக் கூட்டி 192 என்று எழுதினான். பயணச் செலவிலே எங்களுக்குத் தோணிக்கூலியே பெரிதாகத் தோன்றிற்று. அவருக்கோ தண்ணீர்ப் பீப்பாய்களின் பாரமும் அவற்றைத் தோணியில் எங்கே வைப்பது என்பதுமே பெரிய காரியமாக இருந்தன.

ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார். குறித்த நாளிலும், கரையில் நின்று வானத்தைப் பார்த்துத் தாம் ‘வேண்டாம்’ என்றால், அதிபரேயாயினும் மறுபேச்சுப் பேசக்கூடாது. ஒப்புக்கொண்டேன்.

திரும்பும் பேருந்திலே அம்மாணவனிடம், ஏன் முதலிற் பெயர் எழுதினாய் என்று கேட்டேன். “அப்பா போன இடத்தை ஒருதரம் பார்க்கவேணும் ஐயா” என்றான்.

பயணம் வருகிற பங்குனிக்கு மாற்றப்பட்டுவிட்டது. பதினொரு பெற்றோரின் சம்மதக் கடிதங்கள் என் மேசையில் இருக்கின்றன. அவனுடைய தாயாரின் கடிதம் இன்னும் வரவில்லை. கடிதம் கேட்டு ஆளனுப்பவில்லை. அடுத்த வாரம் யானே அவர்களது வீட்டுக்குச் சென்று, தாயார் சொல்வதைக் கேட்டுவர எண்ணியிருக்கிறேன்.