ஒரே தூசி, ரெண்டு சம்பளம்

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்டுகள்ல ஒண்ணை மட்டும் மூணு நாலு தடவை கேட்டேன். அனுப்பினது ஏலாக்குறிச்சித் தம்பி ஒருத்தர். கொள்ளிடக் கரைப் பக்கம், வீரமாமுனிவரோட அடைக்கல மாதா கோயில் இருக்கே, அந்த ஊர். டிப்ளமோ முடிச்சிட்டு ஒரு சிமென்ட் ஆலையில காண்ட்ராக்ட் வேலை. எந்த ஆலைன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. அவர் கேட்டது இதுதான்: "அண்ணா, நானும் பர்மனென்ட் அண்ணனும் ஒரே ஷிப்ட், ஒரே வேலை. அவர் சம்பளத்துல மூணுல ஒரு பங்குதான் எனக்கு. இது சட்டப்படி சரியா?"

பதில் சொல்றதுக்கு முன்னாடி, சென்னையில உக்காந்து கேக்குறவங்களுக்கு அந்த வேலை என்னன்னு சொல்லணும். அரியலூர் மாவட்டம் பல கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலுக்கு அடியில இருந்த பூமி. அதனாலதான் அங்க அவ்வளவு சுண்ணாம்புக்கல். அரசோட டான்செம் ஆலை 1979-லயே வந்துடுச்சு, அப்புறம் தனியார் ஆலைகள் வரிசையா வந்தன. கல்லை அரைச்சு, சூளையில கிட்டத்தட்ட 1450 டிகிரி செல்சியஸ்ல வேக வச்சாதான் கிளிங்கர் கிடைக்கும். அந்தச் சூளைக்கு மேல பல மாடி உயரத்துக்கு ஒரு ப்ரீஹீட்டர் கோபுரம். அதுல மாவு மாதிரி இறங்குற சரக்கு சில நேரம் கட்டி தட்டி அடைச்சுக்கும். யாராவது மேல போய் கம்பியால குத்தியோ, அழுத்தமாக் காத்தோ தண்ணியோ அடிச்சோ எடுத்து விடணும். அடைப்பு திடீர்னு உடைஞ்சா நூத்துக்கணக்கான டிகிரி சூட்டுல இருக்குற அந்தப் பொடி ஆள் மேலயே பாயும். சிமென்ட் உலகத்துல ரொம்ப ஆபத்தான வேலைகள்ல இது ஒண்ணு.

கீழ பேக்கிங் பிளான்ட்ல வேற கதை. ஒரு மூட்டை 50 கிலோ. 20 டன் லாரின்னா 400 மூட்டை. வேர்வை பட்ட தோல்ல சிமென்ட் ஒட்டினா அது காரம், புண்ணாக்கிடும். நாம சாயங்காலம் கழுத்து வலிக்குதுன்னு சேர் மாத்தச் சொல்லி டிக்கெட் போடுற ஆளுங்க, ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்போ சட்டம். 1970-ல ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு. அதுக்கு மத்திய அரசு 1971-ல போட்ட விதிகள்ல 25-ஆவது விதியைப் படிங்க. காண்ட்ராக்ட் ஆள் செய்றது, கம்பெனி நேரடியா எடுத்த ஆள் செய்ற அதே வேலை, இல்ல அதே மாதிரியான வேலைன்னா, சம்பளம், விடுமுறை, வேலை நேரம் எல்லாம் சமமா இருக்கணும்னு அதுல இருக்கு. 1982-ல ரண்தீர் சிங் வழக்குல, டெல்லி போலீஸ் டிரைவர் ஒருத்தர் மத்த துறை டிரைவர்களுக்குச் சமமான சம்பளம் கேட்டு உச்ச நீதிமன்றத்துல ஜெயிச்சார். 2016 அக்டோபர் 26-ல ஜக்ஜித் சிங் வழக்கு, பஞ்சாப் அரசோட தற்காலிக ஊழியர்களுக்காக. அதுலயும் சம வேலைக்குச் சம ஊதியம்னுதான் தீர்ப்பு.

அப்போ தம்பி கேஸ் ஈஸியா? அங்கதான் சிக்கல். இந்த ரெண்டு தீர்ப்பும் அரசு ஊழியர் விஷயம். தனியார் ஆலையில நடுவுல ஒரு காண்ட்ராக்டர் நிக்கிறார். அதைவிடப் பெரிய சிக்கல், "அதே வேலை"ன்னு காட்ட பக்கத்துல ஒரு பர்மனென்ட் ஆள் வேணும். ஒரு பிரிவு முழுக்க காண்ட்ராக்ட்டுக்குப் போயிடுச்சுன்னா ஒப்பிட ஆளே இருக்க மாட்டார். கோட்ல ரெண்டு வேரியபிளை ஒப்பிடணும், ஒண்ணு நல். ரிசல்ட் என்ன வரும்? அதனாலதான் சொல்றேன், பக்கத்துல இன்னும் ஒரு பர்மனென்ட் அண்ணன் நிக்கிறது தம்பிக்கு ஒரு பலம். அந்த அண்ணன் ரிட்டயர் ஆகுறதுக்குள்ள கேக்கணும்.

2025 நவம்பர் 21-ல நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துடுச்சு. மூல வேலைகள்ல காண்ட்ராக்ட் ஆள் வைக்கக் கூடாதுன்னு அதுல இருக்கு. கேக்க நல்லா இருக்கு. ஆனா விதிவிலக்கைப் படிச்சா, துப்புரவு, காவல், கேன்டீன், ஏற்றுமதி இறக்குமதி இல்லீங்க, ஆலைக்குள்ள சரக்கு ஏத்துறது இறக்குறது, இதெல்லாம் பொதுவா மூல வேலைக் கணக்குல வராது. அந்த 400 மூட்டை ஆள் அவுட். முன்ன 20 பேர் இருந்தாலே காண்ட்ராக்ட் சட்டம் பொருந்தும், இப்போ 50 பேர் வேணும். எனக்கு இது முன்னேற்றமாத் தெரியல.

நெய்வேலியைப் பாருங்க, பக்கத்து கடலூர் மாவட்டம். என்.எல்.சி. மத்திய அரசு நிறுவனம். அங்கேயே காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் 2010, 2012, 2014-ன்னு வாரக்கணக்குல வேலைநிறுத்தம் பண்ணாங்க. பணி நிரந்தரமும் சம ஊதியமும்தான் கோரிக்கை. 2020 ஜூலை 1-ல இரண்டாம் அனல்மின் நிலையத்துல பாய்லர் வெடிச்சப்போ அந்த இடத்துலயே 6 பேர் போனாங்க. காண்ட்ராக்ட் தொழிலாளர்களும் அதுல இருந்தாங்க. நீராவிக்கு கேட் பாஸ் கலர் தெரியாதுல்ல.

நம்ம ஐ.டி. உலகத்துலயும் தேர்ட் பார்ட்டி பேரோல், வேற கலர் டேக் எல்லாம் உண்டு. ஆனா ஏசி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அங்க தூசியும் சூடும் ஒண்ணு, அதுக்கான விலை மட்டும் ரெண்டு. இன்னொண்ணு, காண்ட்ராக்டர் பேர் அடிக்கடி மாறும், ஆள் மாற மாட்டார். கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷத் தொடர் சர்வீஸ் கேட்டா, ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்குதுன்னு சொல்லிடுவாங்க.

அதனால தம்பி, இப்போதைக்கு மூணு வேலை. சம்பள ரசீதை ஒண்ணுகூட விடாம சேத்து வைங்க. என்ன தேதி, என்ன ஷிப்ட், எந்த மெஷின், கூட நின்ன பர்மனென்ட் ஆள் யாருன்னு ஒரு நோட்ல எழுதிட்டு வாங்க. தனியா மனு குடுக்காதீங்க, மறுநாளே கேட் பாஸ் போயிடும். சங்கத்து மூலமா, பத்துப் பேராப் போங்க. அப்புறம் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, நீங்க சேர்ந்ததுல இருந்து எத்தனை காண்ட்ராக்டர் பேர் மாறியிருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க. அதை வச்சு அடுத்த எபிசோட்ல ஒரு தொழிலாளர் வழக்கறிஞர்கிட்ட பேசலாம்.