கருவியும் கல்வியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் குடியிருப்பில் இன்று கைப்பேசி இல்லாத வீடு இல்லை. கருவி வந்துவிட்டது; அதனோடு கல்வியும் வந்ததா என்பதே பெற்றோர் நெஞ்சை உறுத்தும் வினா. இதனைக் குறித்துப் பிரான்சு நாட்டுச் செய்திகள் சிலவற்றையும், அவற்றால் எனக்குத் தோன்றிய கருத்துக்களையும் கூற விழைகின்றேன்.

1982-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு அரசின் தொலைபேசித் துறை 'மினிடெல்' என்னும் சிறு கருவியை வீடுகளுக்கு விலையின்றி வழங்கிற்று. தொலைபேசி எண்ணைத் தேடவும், இரயிலில் இடம் பதிவு செய்யவும், பொருள்களை வரவழைக்கவும் அது உதவிற்று. உலகின் இல்லங்களுக்கு இணையம் வருமுன்னரே பிரெஞ்சு மக்கள் இவ்வசதியைத் துய்த்தனர். ஆயினும் 2012-ஆம் ஆண்டு சூன் 30-ஆம் நாள் அச்சேவை முடிவுற்றது. கருவியின் ஆயுள் அவ்வளவே. அதனால் சிலர் பெற்ற தொழில் அறிவோ அழியவில்லை.

அவர்களுள் ஒருவர் சாவியே நியெல். இளமையில் மினிடெல் சேவைகளை நடத்தித் தொழில் பழகிய அவர், 1999-இல் 'ஃப்ரீ' என்னும் இணைய நிறுவனத்தைத் தொடங்கினார். 2012-இல் மாதம் 2 யூரோவுக்கே கைப்பேசிச் சேவை அளித்தார்; ஏனைய நிறுவனங்களும் கட்டணத்தைக் குறைக்க நேர்ந்தது. பொதுமக்கள் பயன் பெற்றனர். இஃது ஒரு வணிகரின் வெற்றி. இதனினும் என்னைக் கவர்ந்தது, 2013-இல் பாரிசு நகரில் அவர் நிறுவிய '42' என்னும் பள்ளியே.

அங்குக் கணினி நிரல் எழுதக் கற்பிக்கின்றனர், கட்டணம் இல்லை. முன்னர்ப் பெற்ற பட்டம் தேவையில்லை. விரிவுரை ஆற்றும் ஆசிரியரும் இல்லை! நான்கு வாரத் தேர்வுக் காலத்திற்கு 'நீச்சற் குளம்' என்று பெயர். அதில் தேறியவர் தாமே முயன்று பணிகளை முடிப்பர். ஒருவர் செய்ததை மற்றொருவர் ஆராய்ந்து திருத்துவர்.

இம்முறை நமக்குப் புதிதா? நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இளைய மாணவர்க்குப் பாடம் சொல்லவில்லையா? 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ச் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். அம்முறை இங்கிலாந்து சென்று 'மதராஸ் முறை' எனப் பெயர் பெற்றது.

எனினும், பாரிசுப் பள்ளியின் முறையை அப்படியே ஏற்க நான் உடன்படேன். அது பதினெட்டு வயது கடந்தோர்க்கு உரியது. எட்டு வயதுக் குழந்தையை ஆசிரியரின்றி விடுவது, நீந்தத் தெரியாதவனைக் குளத்தில் தள்ளுவதாகும். மேலும், கட்டணம் இல்லையென்றாலும் உணவுக்கும் உறையுளுக்கும் பொருள் வேண்டுமன்றோ? ஏழை மாணவன் நான்கு வாரம் வேலையை விட்டு வருவது எளிதன்று.

ஆயினும், பிறர்க்குக் கற்பிப்பவனே நன்கு கற்கின்றான் என்னும் உண்மையை நாம் கைக்கொள்ளலாம். இங்குப் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுள் பலர் தமிழ் பேசுகின்றனர். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் இயலாது தவிக்கின்றனர். ஊரிலிருந்து பாட்டி எழுதும் கடிதத்தைத் தந்தை படித்துச் சொல்ல வேண்டியிருக்கின்றது. இந்நிலை இன்னும் ஒரு தலைமுறை நீடித்தால், படித்துச் சொல்லவும் வீட்டில் ஆள் இராது.

ஆகவே, ஞாயிறுதோறும் ஓர் ஆசிரியர் மேற்பார்வையில், படிக்கத் தெரிந்த மூத்த பிள்ளைகள் இளையோர்க்குக் கற்பிக்கட்டும். கைப்பேசியும் அங்கே வரட்டும்! பாட்டி கூறும் கதையை ஒரு பிள்ளை அதில் ஒலிப்பதிவு செய்யட்டும். மற்றொரு பிள்ளை அதனைத் தமிழில் எழுதட்டும். மூன்றாம் பிள்ளை பிழை திருத்தட்டும். அப்பொழுது கருவி பொழுதுபோக்காக நில்லாது கல்வியாகும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. வாரம் இரண்டு மணி நேரமும் பெற்றோரின் மனமும் போதும். வரும் ஆண்டு விழா மலரில் அக்கதைகளே இடம்பெற வேண்டும் என்பது என் விருப்பம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!