எந்த நாட்டுச் சட்டையில் ஓடுவது?

அண்மையில் ஒரு தோட்டத்து விளையாட்டு விழாவுக்குப் போயிருந்தேன். பரிசளிப்பு முடிந்து, தேநீர் குடித்துக் கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். தொலைக்காட்சியில் ஓட்டப் பந்தயம் என்றால் விடாமல் பார்ப்பாராம். அவர் என்னைக் கேட்டார்: "ஐயா, இந்த ஆப்பிரிக்கப் பிள்ளைங்க எல்லாம் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்ப் பயிற்சி எடுக்கிறாங்க. அப்புறம் பார்த்தா, கென்யாக்காரன் அரபு நாட்டுக் கொடியைப் போர்த்திக்கிட்டு நிக்கிறான். பிறந்த மண்ணு மேல பற்று இருக்கிறவன் இப்படிச் செய்வானா?"

அந்த நேரத்தில் ஏதோ சொல்லிச் சமாளித்து விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், சரியான பதிலைச் சொல்லவில்லையே என்று மனம் உறுத்தியது. அந்தப் பதிலை இன்று உங்கள் எல்லாருக்குமாகச் சொல்ல விரும்புகிறேன். பெரியவரும் கேட்டுக் கொண்டிருப்பார் என்று நம்புகிறேன்.

ஸ்டீபிள்சேஸ் என்று ஓர் ஓட்டம் உண்டு. தூரம் 3,000 மீட்டர். வெறும் ஓட்டம் அல்ல. வழியில் 28 முறை கட்டையைத் தாண்ட வேண்டும், 7 முறை தண்ணீர்ப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். மழைக் காலத்தில் காண் தாண்டி, விழுந்து கிடக்கும் மரம் தாண்டி ஓடிப் பழகியவர்களுக்கு இது எப்படிப்பட்ட ஓட்டம் என்று சொல்லாமலே விளங்கும். இந்த ஓட்டம் கென்யாவின் சொத்து என்றே பேர். 1968 முதல் 2016 வரை கென்யா கலந்து கொண்ட ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் ஆண்களுக்கான இந்தத் தங்கப் பதக்கம் அந்த நாட்டுக்கே போயிருக்கிறது. இடையில் 1976, 1980 ஆகிய இரண்டு முறை மட்டும் இல்லை. அந்த இரண்டு முறையும் கென்யா போட்டிக்கே போகவில்லை.

இந்த ஓட்டத்தில் உலகச் சாதனை செய்த இரண்டு கென்யர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இருவரும் ஒலிம்பிக் திடலில் ஒரு நாள்கூட ஓடவில்லை. ஒருவர் தம் நாட்டை விடாததால் ஓடவில்லை. மற்றவர் தம் நாட்டை விட்டதால் ஓடவில்லை.

முதலாமவர் ஹென்றி ரோனோ. 1952-ஆம் ஆண்டில் கென்யாவின் நந்தி மலைப் பகுதியில் பிறந்தவர். நந்தி மலை தேயிலைக்குப் பேர் போன இடம். வெள்ளைக்காரர் காலத்தில் காட்டை வெட்டிப் போட்ட தேயிலைத் தோட்டங்கள் இன்றும் அங்கே மலைச்சரிவெல்லாம் பரந்து கிடக்கின்றன. ரோனோ சிறு பிள்ளையாக இருந்தபோது சைக்கிளில் அடிபட்டு, சில ஆண்டுகள் நடக்கவே முடியாமல் இருந்தாராம். அப்படிப்பட்ட கால்தான் பிறகு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது.

1976-இல் மொண்ட்ரியல் ஒலிம்பிக்குக்கு அவர் தகுதி பெற்றிருந்தார். அந்த ஆண்டில் நியூசிலாந்தின் ரக்பி குழு தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று விளையாடியது. தென்னாப்பிரிக்காவில் கறுப்பரை மனிதராகவே மதிக்காத நிறவெறி ஆட்சி நடந்த காலம் அது. அங்கே போய் ஆடியவர்களோடு நாங்கள் ஒரே திடலில் நிற்க மாட்டோம் என்று இருபதுக்கு மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் ஒலிம்பிக்கை விட்டு விலகின. மொண்ட்ரியல் நகருக்கு வந்து சேர்ந்து விட்ட வீரர்கள்கூட மூட்டையைக் கட்டிக் கொண்டு திரும்பினார்கள். ரோனோவின் வாய்ப்பும் போயிற்று.

அந்த ஆண்டே அவர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனார். புல்மன் என்ற சிறிய ஊர். சுற்றிலும் கோதுமை வயல், குளிர்காலத்தில் பனி. ஜான் சாப்ளின் என்ற பயிற்சியாளர் அங்கே கென்ய மாணவர்கள் சிலரைச் சேர்த்து வைத்திருந்தார். அவர்களில் ஒருவரான சாம்சன் கிமொம்ப்வா 1977-இல் 10,000 மீட்டரில் உலகச் சாதனை செய்தார். அதை மறு ஆண்டில் முறியடித்தவர் அதே பல்கலைக்கழகத்தில் படித்த ரோனோ.

1978-ஆம் ஆண்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 8-ஆம் தேதி 5,000 மீட்டரில் ரோனோ உலகச் சாதனை செய்தார். மே 13-ஆம் தேதி ஸ்டீபிள்சேஸ். 8 நிமிடம் 5.4 விநாடி. தாம் போக முடியாத மொண்ட்ரியல் ஒலிம்பிக்கில் சுவீடன் நாட்டு வீரர் தங்கம் வென்று நாட்டிய சாதனையை அன்று அவர் உடைத்தார். ஜூன் 11-ஆம் தேதி வியன்னாவில் 10,000 மீட்டர். ஜூன் 27-ஆம் தேதி ஒஸ்லோவில் 3,000 மீட்டர். 81 நாளில் நான்கு உலகச் சாதனைகள்! பிறகு ஆப்பிரிக்க விளையாட்டுகளிலும், எட்மண்டன் காமன்வெல்த் விளையாட்டுகளிலும் கென்யாவின் சட்டையைப் போட்டுக் கொண்டு ஓடி, இரண்டிலும் இரண்டிரண்டு தங்கம் பெற்றுக் கொடுத்தார்.

படித்தது அமெரிக்காவில், சாப்பிட்டது அமெரிக்கச் சாப்பாடு, பயிற்சி கொடுத்தவர் அமெரிக்கர். ஓடியது கென்யாவுக்காக. பெரியவர் கேட்ட கேள்வியின் முதல் பாதிக்கு இது பதிலாகும் என்று நினைக்கிறேன்.

1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக் வந்தது. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து அமெரிக்கா விலகியது, கென்யாவும் விலகியது. ரோனோ இரண்டாவது முறையும் வீட்டில் இருந்தார். அந்த வேதனை நம் நாட்டுக்கும் புதிதல்ல. அதே 1980-இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நம் கால்பந்துக் குழு தென்கொரியாவை இரண்டுக்கு ஒன்று என்ற கோல் கணக்கில் வென்று மாஸ்கோவுக்குத் தகுதி பெற்றது. கோல் காவலர் ஆறுமுகம், சோ சின் ஆன், சந்தோக் சிங் ஆகியோர் ஆடிய குழு. மலேசியாவும் விலகியதால் அவர்களும் போகவில்லை. அதற்காக அவர்களில் எவரும் வேறு நாட்டுச் சட்டையைத் தேடிப் போகவில்லை. ஆனால் அந்தக் குழுவின் ஆட்டத்தை நேரில் பார்த்தவர்களைக் கேட்டால், இன்றும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்குவார்கள்.

நாடு எடுத்த முடிவு தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நிறவெறியை எதிர்த்து ஆப்பிரிக்கா 1976-இல் எடுத்த முடிவு நியாயமானது என்பதே என் எண்ணம். ஆனால் அந்த நியாயத்தின் விலையை யார் கொடுத்தார்கள்? அறிக்கை விட்டவர்கள் அல்லர். கால்களில் பத்தாண்டு வலிமை மட்டுமே கொண்ட இளைஞர்கள் கொடுத்தார்கள். கொடுத்தவர்களைப் பிறகு யாராவது நினைத்தார்களா என்பதுதான் என் கேள்வி.

ரோனோ குடிப் பழக்கத்துக்கு ஆளானார். குடி ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1981-இல் இன்னொரு முறை 5,000 மீட்டர் உலகச் சாதனை செய்தார். அதன் பின் சரிவுதான். ஓடிச் சம்பாதித்த பணம் கையில் நிற்கவில்லை. உலகமே கைதட்டிய மனிதர் அமெரிக்காவில் வீடற்றவர்கள் தங்கும் விடுதியில் படுத்திருந்தார். விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைத் தூக்கினார். பிறகு மெல்ல மெல்லக் குடியை விட்டு எழுந்து, நியூ மெக்சிகோ மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார்.

இனி இரண்டாமவர். அவர் பெயர் ஸ்டீபன் செரோனோ. 1982-இல் பிறந்தவர். குடும்பமே ஸ்டீபிள்சேஸ் குடும்பம். அண்ணன் கிறிஸ்தோபர் கொஸ்கெய் 1999-இல் உலகப் பட்டம் வென்றவர். இன்னோர் அண்ணன் ஆபிரகாமும் இதே ஓட்டக்காரர். 2002-இல் மான்செஸ்டர் காமன்வெல்த் விளையாட்டுகளில் ஸ்டீபன் தங்கம் வென்றார்; ஆபிரகாம் வெண்கலம். அண்ணனும் தம்பியும் ஒரே நாட்டுச் சட்டையில், ஒரே மேடையில்.

அடுத்த ஆண்டு, 2003 ஆகஸ்டு மாதத்தில் தம்பி கத்தார் நாட்டுக் குடிமகன் ஆனார். பெயரும் சைஃப் சயீத் ஷாஹீன் என்று மாறியது. வாழ்நாள் முழுதும் மாதம் 1,000 அமெரிக்க டாலர் கொடுப்பதாகப் பேச்சு என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. மாதச் சம்பளத்தை எண்ணி வாழ்ந்த நமக்கு அதன் பொருள் நன்றாகப் புரியும். சாகும் வரை மாதா மாதம் பணம் வரும் என்றால் அது பென்ஷன். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய உறுதி எது?

சில வாரங்களில் பாரிஸ் நகரில் உலகப் போட்டி. 1991 முதல் நடந்த ஆறு உலகப் போட்டிகளிலும் கென்யாவே வென்ற ஓட்டம் அது. கடைசிச் சுற்றில் கத்தாரின் ஷாஹீனும் கென்யாவின் எசெக்கியேல் கெம்போயும் தோளோடு தோள் மோதாத குறையாக ஓடினார்கள். ஷாஹீன் ஜெயித்தார். அதே ஓட்டத்தில் கென்யாவின் சட்டையோடு ஓடிய அண்ணன் ஆபிரகாம் ஐந்தாவதாக வந்தார். அண்ணன் தம்பிக்கு வாழ்த்துச் சொல்லவில்லை என்று செய்திகள் வந்தன.

அந்த இடத்தைப் படித்தபோது நான் பத்திரிகையை மூடி வைத்துவிட்டேன். ஒரே தாயின் பிள்ளைகள். பணம் வந்தால் அந்த வீட்டுக்குத்தான் வரும். ஆனாலும் அண்ணனால் கை நீட்ட முடியவில்லை. அண்ணன் செய்தது சரி என்பீர்களா, தவறு என்பீர்களா? வீட்டில் பேசிப் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டு கட்சியாகப் பிரிந்து விட்டோம்.

2004-இல் ஏதன்ஸ் ஒலிம்பிக். நாடு மாறியவர் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்; பழைய நாடு இசைந்தால் மட்டுமே முன்பே ஓடலாம் என்பது ஒலிம்பிக் விதி. கென்யா இசையவில்லை. ஷாஹீன் இல்லாத அந்த ஓட்டத்தில் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் கென்யாவுக்கே கிடைத்தன. பத்தே நாளில் ஷாஹீன் பிரசல்ஸ் நகரில் ஓடினார். 7 நிமிடம் 53.63 விநாடி, உலகச் சாதனை. கோபத்தில் ஓடினாரோ, துக்கத்தில் ஓடினாரோ, அவருக்குத்தான் தெரியும். அந்தச் சாதனை 2023-இல் எதியோப்பியாவின் லமேச்சா கிர்மா முறியடிக்கும் வரை, ஏறக்குறைய 19 ஆண்டுகள் நின்றது. 2005-இல் இன்னொரு முறை உலகப் பட்டம் வென்றார். பிறகு காயங்கள் வந்தன. ஒலிம்பிக் வாய்ப்பு வரவே இல்லை.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். கத்தாருக்காக ஓடிய ஷாஹீன் பெரும்பாலும் பயிற்சி செய்தது கென்யாவின் மலைச்சாலைகளில்தான். கென்யாவுக்காக ஓடிய ரோனோ பயிற்சி செய்தது அமெரிக்காவில். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் தங்கம் வென்ற பால் எரெங்கும், 1,500 மீட்டரில் தங்கம் வென்ற பீட்டர் ரோனோவும்கூட அமெரிக்கக் கல்லூரி மாணவர்களே. இருவரும் கென்யாவின் கொடிக்குக் கீழேதான் நின்றார்கள். ஆகவே, வெளியூர்த் தண்ணீர் குடித்தவன் மனம் மாறி விடுவான் என்ற கணக்கு சரிப்படவில்லை.

மூன்றாவது வகையும் உண்டு. வில்சன் கிப்கெட்டர் 1990-இல் மாணவராக டென்மார்க்குக்குப் போனவர். அவரை யாரும் விலைக்கு வாங்கவில்லை. படித்தார், அங்கேயே வாழ்ந்தார், அந்த நாட்டுக்காக ஓட விரும்பினார். 1995-இல் டென்மார்க்கின் சட்டையில் 800 மீட்டர் உலகப் பட்டம் வென்றார். ஆனால் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அவரால் டென்மார்க்குக்காக ஓட முடியவில்லை. குடியுரிமைக் காகிதம் இன்னும் கையில் வரவில்லை! மனம் ஒரு நாட்டில், காகிதம் வேறொரு நாட்டில். சிவப்பு அடையாளக் கார்டோடு ஆண்டுக்கணக்கில் அலுவலகப் படி ஏறி இறங்கிய நம் பெரியவர்களுக்கு அந்த இளைஞரின் நிலை தெரியும். மறு ஆண்டு, 1997-இல், செபாஸ்டியன் கோ 16 ஆண்டுகள் வைத்திருந்த உலகச் சாதனையைக் கிப்கெட்டர் உடைத்தார். அதே கோ பின்னாளில் உலகத் தடகளச் சங்கத்தின் தலைவராகி, அவர் காலத்தில் 2017-இல் நாடு மாறுவது நிறுத்தி வைக்கப்பட்டு, 2018-இல் புதிய விதி வந்தது. இருபது வயது நிரம்பாத பிள்ளைகளை மாற்றக் கூடாது. மாறினால் மூன்றாண்டு காத்திருக்க வேண்டும். உண்மையான முழுக் குடியுரிமை கொடுக்க வேண்டும். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்த தரகர்களுக்கு இது ஒரு கடிவாளம். நல்ல விதி என்றே சொல்வேன்.

பெரியவரே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஷாஹீனுக்குப் பற்று இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் செய்ததைப் பாராட்டவும் முடியவில்லை. அண்ணனின் நீளாத கை கண்முன் நிற்கிறது. ஆனால் ரோனோ விமான நிலையத்தில் பெட்டி தூக்கிய கதையைக் கென்யாவின் மலைக் கிராமங்களில் ஓடிப் பழகும் ஒவ்வொரு பையனும் கேட்டுத்தான் வளர்ந்திருப்பான். நாட்டை விடாத வீரருக்குக் கிடைத்தது அது என்றால், அடுத்த பையன் மாதச் சம்பளம் தரும் கதவைத் தட்டுவதில் வியப்பு என்ன இருக்கிறது?

ஹென்றி ரோனோ பல ஆண்டுகள் அமெரிக்காவில் கழித்துவிட்டு, 2019-இல் கென்யாவுக்குத் திரும்பினார். 2024 பெப்ரவரி 15-ஆம் தேதி, எழுபத்திரண்டு வயது நிறைந்த மூன்றாம் நாள், நைரோபியில் காலமானார். கென்யாவின் மண்ணிலேயே இறந்தார்.