சலரோகமும் மின்வாயில் நிறுத்திய புரதமும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



சலரோகம் நம் தீவுப்பகுதியில் யாரும் கேள்விப்படாத நோயன்று. ஒரு துளி குருதியைச் சிறு பட்டியில் வைத்ததும் சில விநாடிகளிற் கருவி சீனியின் அளவைக் காட்டுவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அது எவ்வாறு என்பதை விளக்கவே இங்கு நிற்கின்றேன்.

பல பட்டிகளிலே குளுக்கோசு ஒட்சிடேசு என்னும் புரதம் இருக்கின்றது. அது கறுப்புப் பூஞ்சண இனமொன்றிலிருந்து பெறப்படும் நொதியம். குருதியில் எத்தனையோ பொருள்கள் இருப்பினும் அது குளுக்கோசையே பற்றி, அதன் இலத்திரன்களைக் கவரும். இடைநின்ற வேறொரு பொருள் அவற்றை மின்வாயிற் சேர்க்க, மின்னோட்டம் பிறக்கும். சீனி கூடினால் ஓட்டமும் கூடும். கருவி அளப்பது இதனையே.

நம் பரவைக்கடலிற் கம்பு நாட்டிச் சிறகுவலையை நிறுத்துகின்றோமல்லவா? வலை நிற்கும், மீன் வரும். அவ்வாறே நொதியமும் மின்வாயருகில் நிற்றல் வேண்டும். 1962இல் அமெரிக்க அறிஞர் லீலண்ட் கிளார்க் அதனைச் சவ்வுகளுக்கிடையே அடக்கி ஒட்சிசன் மின்வாயின்மேல் வைக்கும் வழியைக் கூறினார். 1967இல் அப்டைக், ஹிக்ஸ் என்னும் இருவர் அதனைக் கூழ்போன்ற பொருளிற் பிணைத்துக் காட்டினர். 1987இல் பேனா வடிவக் கருவி விற்பனைக்கு வந்தது. இன்றைய பட்டியில் நொதியம் மின்வாயின்மேல் உலர்ந்த பூச்சாக இருக்கின்றது.

இனி நமக்குரிய பேச்சு. புரதம் வெப்பத்தாலும் ஈரத்தாலும் கெடும். நமது கடற்காற்றோ ஈரம் நிறைந்தது. போத்தலை மூடாது விட்டாலும், திகதி கடந்தாலும் கணக்குப் பிழைக்கலாம். பனங்களியோ மாம்பழமோ தொட்ட விரலைக் கழுவாது குத்தினால், இல்லாத சீனியையும் கருவி காட்டும்.

இது சிறு காரியமன்று. கடல் பொங்கி வள்ளம் ஓடாத இரவில், நெடுந்தீவிலே முதியவர் ஒருவர் வியர்த்து நடுங்குகிறார் என வைத்துக்கொள்வோம். ஒரு தெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிய சீனியைக் கருவி உயர்த்திக் காட்டினால், உடனே கொடுக்கவேண்டிய சீனித் தண்ணீர் கொடுபடாமற் போய்விடும்.

ஆகவே வாலிபர்களே, வீட்டிலுள்ள அப்பு ஆச்சியின் போத்தலை எடுத்து, ஆங்கிலத்தில் அச்சிட்ட திகதியை வாசித்துச் சொல்லுங்கள். மூடியை இறுக்குங்கள், விரல் கழுவ நீர் கொடுங்கள். பெரியோர்களே, கருவி ஒன்று சொல்ல உடல் வேறொன்று சொன்னால் கையைக் கழுவி மீண்டும் சோதியுங்கள். வைத்தியரைக் கேளாது மருந்தை மாற்றாதீர்கள்.