பழைய உடம்பு, புதிய முள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வேலை, சம்பளம், வெளிநாடு இதெல்லாம் வேண்டாம், வேற ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அதனால் ஒரு முள்ளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இசைத்தட்டின் மேல் ஓடுகிற முள். சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டில், 1987-க்குப் பிறகு முதல் தடவையாக, எல்.பி. தட்டுகள் எண்ணிக்கையில் சி.டி.யை முந்தி விற்றன. அந்தக் காற்று நம் ஹாஸ்டல் வரை அடித்திருக்கிறது. காலையில் டீ குடிக்கும்போது ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, பழைய கார்ட்ரிட்ஜ் ஒண்ணு பாதி விலைக்கு வருது. வாங்கலாமா?" அவருக்குச் சொன்ன பதிலையே உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

கார்ட்ரிட்ஜ் என்பது டர்ன்டேபிள் கையின் நுனியில் இருக்கும் சின்னப் பொருள். நம் வீடுகளில் அதிகம் பார்ப்பது நகரும் காந்த வகை. முனையில் துளி வைரம். அதைத் தாங்க ஒரு மெல்லிய தண்டு. தண்டின் மறுகோடியில் ஒரு பொடிக் காந்தம். தண்டைப் பிடித்திருப்பது ரப்பர் வளையம். இத்தனையும் சேர்ந்ததுதான் ஸ்டைலஸ். கையால் இழுத்தால் தனியாகக் கழன்று வரும். மிச்சம் இருக்கும் உடம்பில் கம்பிச் சுருளும் உலோகத் துண்டுகளும் மட்டும்தான். ஆக, உடம்பில் தேய்கிற பாகம் எதுவும் இல்லை. தேய்வதெல்லாம் முள்.

எவ்வளவு தேயும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 33⅓ சுற்றில் 20 நிமிடம் ஓடும் ஒரு பக்கத்தில் சுமார் 667 சுற்று. சராசரி ஆரம் 10 சென்டிமீட்டர் சொச்சம். அப்படியானால் முள் ஒரு பக்கத்தில் ஓடுவது ஏறக்குறைய 430 மீட்டர். சாதாரணக் கூம்பு வைரத்துக்கு ஆடியோ டெக்னிகா கம்பெனி சொல்லும் ஆயுள் 500 மணி நேரம். நீள்வட்ட முனைக்கு 300 மணி. 500 மணி என்றால் 1500 பக்கம், அதாவது 645 கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு நடந்து போய்த் திரும்பி, வீட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி நிற்கிற தூரம். செருப்பு என்னவாகும்? எடை வெறும் 2 கிராம்தான். ஆனால் தொடும் இடம் மைக்ரான் கணக்கு என்பதால், அங்கே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரக்கணக்கான கிலோவாக ஏறிவிடுகிறது. வைரமே ஆனாலும் இரண்டு பக்கமும் தட்டையாகி உளிபோல் ஆகிவிடும். அதற்குப் பிறகு அது பாட்டை வாசிப்பதில்லை, தட்டைச் செதுக்குகிறது.

இது எனக்குப் புத்தகத்தில் கிடைத்த அறிவு இல்லை. திருவையாறு பக்கத்தில் என் பெரியப்பா மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் குழாய் கட்டி ரெக்கார்டு போடுவார். வாடகைக்குப் போகிற தட்டுகள் ஒரு பெட்டியில். வீட்டில் கேட்பதற்கென்று வாங்கியவை தனிப் பெட்டியில். அந்தத் தனிப் பெட்டியை எனக்குக் கொடுத்தார். அதில் ஒரு நாகஸ்வர எல்.பி., கீறலே இல்லாதது. நான் புது டர்ன்டேபிள் வாங்கிய கையோடு, காசை மிச்சம் பிடிக்க, பழைய கார்ட்ரிட்ஜ் ஒன்றை வாங்கினேன். "கொஞ்சந்தான் ஓடியிருக்கு" என்றார் விற்றவர். முள்ளையும் மாற்றாமல் மாட்டி, அந்தத் தட்டை ஒரு வாரம் தினமும் கேட்டேன். வார முடிவில் மேல் ஸ்தாயியில் 'கர்' என்று ஒரு இரைச்சல். தூசி என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை.

அந்த முள்ளை எடுத்துக்கொண்டு நான் வந்தது இதே கல்லூரிக்குத்தான். மெட்டலர்ஜி லேப் மைக்ராஸ்கோப்பில் 200 மடங்கு பெருக்கிப் பார்த்தோம். ஒரு பக்கம் கண்ணாடி ஜன்னல்போல் தட்டை. மறுபக்கம் சில்லு பேர்ந்திருந்தது. புது முள் மாட்டிப் போட்டுக் கேட்டேன். மற்ற தட்டுகள் தெளிவாகப் பாடின. இந்தத் தட்டில் மட்டும் இரைச்சல் அப்படியே இருக்கிறது, இன்றும் இருக்கிறது. முள்ளைக் கடையில் வாங்கலாம். அறுந்த வரியை யார் திருப்பிக் கொடுப்பார்?

பெரியப்பாவிடம் சொன்னேன். திட்டவில்லை. "நாயனக்காரர் அப்பா வாசிச்ச நாயனத்த வாசிப்பாருடா. அப்பா வாசிச்ச சீவாளியையா வாசிப்பாரு?" என்று மட்டும் கேட்டார்.

எவ்வளவு பெரிய பேச்சு பாருங்கள். ஆடுதுறை பக்கம் நரசிங்கம்பேட்டையில் செய்யும் நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே ஆச்சா மரத்தில், அதுவும் பழைய வீடுகளில் பல காலம் இருந்து முற்றிய மரத்தில்தான் நாயனம் கடைகிறார்கள். ஆனால் சீவாளி? அது நாணல் வகையான கொறுக்கைத் தட்டையில் செய்வது. எச்சிலும் காற்றும் பட்டுத் தளர்ந்துபோகும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வயலிலும் இதே கதைதான். ஏர் தாத்தா காலத்தது. கொழு மட்டும் கொல்லன் பட்டறையில் புதுசு. கிராமபோன் காலத்தில் எஃகு முள் 200 அடைத்த தகர டப்பா விற்றது. ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்பது விதி. நம் பெரியவர்களுக்குத் தெரிந்ததை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

ஆகவே தம்பிக்குப் பதில் இது: பழைய உடம்பு வாங்கலாம், பழைய முள் கூடாது. அதில் சில சங்கதிகள்.

முதலாவது, பழைய உடம்பின் விலையோடு புது ஸ்டைலஸ் விலையையும் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகை ஒரு புது கார்ட்ரிட்ஜ் விலையை எட்டினால், பேசாமல் புதுசு வாங்குங்கள். சாதாரண ரகங்களில் பெரும்பாலும் அப்படித்தான் முடியும். நல்ல ரக உடம்பு என்றால்தான் பழசில் லாபம்.

இரண்டாவது, அந்த உடம்புக்கு இன்றைக்கு முள் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். ஷூர் கம்பெனி 2018-ல் கார்ட்ரிட்ஜ் தொழிலையே நிறுத்திவிட்டது. அதன் பல மாடல்களுக்கு ஜப்பானின் ஜிகோ முள் செய்கிறது. எல்லா மாடலுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

மூன்றாவது, மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். இடது, வலது சுருள்களின் மின்தடை ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் அளவே காட்டவில்லை என்றால் கம்பி அறுந்துவிட்டது, கிளம்பி வந்துவிடுங்கள்.

நான்காவது, "பெட்டியே பிரிக்கல சார்" என்பதில் மயங்காதீர்கள். பெட்டிக்குள் இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும். நம் ஊர் சித்திரை வெயிலில் முப்பது வருஷம் கிடந்த ரப்பர் இறுகியோ தளர்ந்தோ போயிருக்கும்.

ஐந்தாவது, நகரும் சுருள் வகை. அதில் சுருளே தண்டோடு சேர்ந்திருப்பதால் முள்ளை நாம் கழற்றி மாற்ற முடியாது. அதற்கென உள்ள நிபுணரிடம் அனுப்ப வேண்டும். எத்தனை மணி ஓடியது என்று நிச்சயமாகத் தெரியாமல் பழசைத் தொடாதீர்கள்.

வீட்டுப் பரணில் பழைய பெட்டி ரெக்கார்டு பிளேயர் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்துப் படிக கார்ட்ரிட்ஜ் பலவற்றின் உள்ளே இருப்பது ரோஷல் உப்பு. ஐப்பசி அடைமழை ஈரத்திலேயே அது கரைந்து செத்துப்போகும், ஓடவே வேண்டாம். அதற்குப் பழசு தேடி அலையாமல், பொருந்துகிற செராமிக் கார்ட்ரிட்ஜ் புதிதாகப் போடுங்கள். 78 சுற்றுத் தட்டு வைத்திருப்பவர்கள், எல்.பி. முள்ளை அதில் வைக்காதீர்கள். எல்.பி. முள் முனையின் ஆரம் சுமார் 18 மைக்ரான். 78-க்குச் சுமார் 75 மைக்ரான் வேண்டும். சின்ன முள் பள்ளத்தின் அடியில் உரசிக்கொண்டு ஓடும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-ல் மறைந்துவிட்டார். அவருடைய தோடி 78 சுற்றுத் தட்டில் உங்கள் வீட்டில் இருந்தால், அதற்கென்று தனி முள் வாங்குவது செலவில்லை, மரியாதை.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. முள்ளை நாலு மாசத்துக்கு ஒருமுறை அதே லேப்புக்கு எடுத்துப் போங்கள். சாரிடம் அனுமதி கேட்டுப் பாருங்கள். ஓடிய மணியை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நான் இப்போது குறிக்கிறேன்.

பெரியப்பாவின் அந்தத் தட்டை நான் தூக்கிப் போடவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை போடுகிறேன். இரைச்சல் வரும் இடத்தில் கொஞ்சம் தலை குனிந்து கேட்கிறேன். உங்களுக்கு அப்படி ஒரு தட்டு அமையாமல் இருக்கட்டும்.